நாற்பத்தொரு கிலோபைட்

முதல் ஓட்டத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பிடிஎஃப் விழுந்தன.
எல்லாம் நாற்பத்தொரு கிலோபைட்.
ஒன்றுகூட இம்மி கூடவில்லை, குறையவில்லை.
அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.
நெல்சன் பார்ரியா கைதட்டிவிட்டான்,
மாத்தே குவளை ஒரு சுற்று வந்துவிட்டது.

திறந்தால்
கோப்புக்குக் கோப்பு ஒரே வாசகம்:
உள்நுழையவும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
சாத்திய கதவைப் படமெடுத்து அடுக்கியிருக்கிறேன்.

புவெர்த்தோ நத்தாலெஸின் மார்ச் காற்று
தகரக் கூரையைப் பிய்க்கப் பார்க்கிறது.
சால்மன் ஆலையைப் போன வாரம் மூடிவிட்டார்கள்.
வாரத்துக்கு ஒரு நேரச் சீட்டு, ஆறு வருடம்;
அத்தனையும் இருக்கும் தளம்
இன்று நள்ளிரவோடு சரி.
மிகைநேரக் கூலி பாக்கி.
ஆய்வாளர் கேட்பது ஆதாரம்;
"இருந்தது, கண்ணால் பார்த்தோம்" எடுபடாது.
ஒவ்வொன்றாய்த் திறந்து சேமித்தால் விடிந்துவிடும்.
அதனால்தான் இந்தக் கறுப்புச் சன்னல்.

தவறு கட்டளையில் இல்லை.
நான் அனுப்பிய ஆள் வெறுங்கையோடு போயிருக்கிறான்.
உலாவிக்கு என்னைத் தெரியும்,
இவனை அங்கே யாருக்குத் தெரியும்?
நடன அரங்க வாசலில்
புறங்கையில் குத்துவார்களே, அதுபோல் ஒரு குக்கீ;
உலாவியிடமிருந்து எடுத்து
இவன் கையில் கொடுத்தேன்.

எழுபத்தெட்டு.
நூற்றுநான்கு.
அறுபத்தொன்பது.
அளவுகள் முன்பின்னாக வரவரத்தான்
எனக்கு மூச்சு வந்தது.
இரட்டை ஷிஃப்ட் பார்த்த வாரம் கனத்திருந்தது.
விரல் அறுபட்டு வீட்டில் கிடந்த வாரம்
ஒற்றை வரியோடு இளைத்திருந்தது.

நூற்று நாற்பத்தொன்றாம் கோப்பில்
மறுபடி நாற்பத்தொன்று.
முத்திரை காய்ந்துவிட்டது. திரும்ப நுழை, திரும்ப எடு,
விட்ட இடத்திலிருந்து ஓட்டு.

பிறகு நெல்சன். பிறகு மார்செலா.
தோன் எவுலோஹியோ முறை வந்தபோது
கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார்.
மறக்கவில்லை. கூட்டத்தில் தட்டக் கூச்சம்.
எல்லோரும் கணப்படுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.
பதினோரு தட்டல் கேட்டது.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
நெடுநேரம் ஒன்றுமில்லை.
யாரும் இருமக்கூட இல்லை.

கடைசியாக யாஸ்னா.
இரவு ஷிஃப்ட் அவளுக்குத்தான் அதிகம்,
கணக்கும் அவளுக்குத்தான் அதிகம்.
நானூறு பேர் ஒரே வாசலில் முண்டுகிறார்களோ என்னவோ,
தளம் திணறித் திணறித் தந்தது.
பன்னிரண்டு அடித்தது.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
மீதி இருபத்தாறும் நாற்பத்தொன்று.

"குப்பைதானே, அழித்துவிடு" என்றான் நெல்சன்.
யாஸ்னா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
ஒன்றைத் திறக்கச் சொன்னாள்.
உள்நுழையவும்.
மேல் ஓரத்தில் பொடி எழுத்தில்
தேதி, மணி: பூஜ்ஜியம் பூஜ்ஜியம் மூன்று.
கீழே ஆலையின் முகவரி.

"இதுவும் போகட்டும் ஆய்வாளருக்கு.
எத்தனை மணிக்குச் சாத்தினார்கள் என்று
அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பார்."

இருபத்தெட்டுக்கும் பெயர் வைத்தேன்.
குவளையில் தண்ணீர் ஆறிவிட்டிருந்தது.