நீர்: ஆறு சதவீதம்

காலை ஐந்தே முக்கால்.
பால் சங்கத்துத் தகரக் கூரையிலிருந்து
நேற்றைய வெயில் இன்னும் இறங்கவில்லை.

எண் நாற்பத்தேழு, சம்பூரணம்.
மூன்று லிட்டர் நானூறு.
ஒரு கரண்டி அள்ளி மெஷினுக்குக் கொடுத்தேன்.
நாற்பது வினாடி உறுமிவிட்டு
சிவப்பு எழுத்தில் சொன்னது:
கொழுப்பு மூன்று புள்ளி ஒன்று.
எஸ்.என்.எஃப். ஏழு புள்ளி ஆறு.
சேர்த்த நீர் ஆறு சதவீதம்.

வரிசை திரும்பிப் பார்த்தது.
யாரோ இருமல் இல்லாமல் இருமினார்கள்.

"இன்னா சார் சொல்லுது அது?"
சொன்னேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"தண்ணியா?
டேங்கர் வந்து ஒம்போது நாளாவுது.
மாட்டுக்குக் காட்டினது போக மிச்சத்துல
நாங்க மூணு பேரு.
அதுலயும் மிச்சம் கீதுன்னு
பால்ல ஊத்தினேனா?"

எனக்குத் தெரியும்.
வேலூரில் மூன்று நாள் பயிற்சியில் சொன்னார்கள்:
நூற்றுப் பத்து டிகிரிக்கு மேல்
மாடு நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுக்கு அலையும்,
வைக்கோலை முகர்ந்துவிட்டு விட்டுவிடும்,
பால் தானாகவே மெலியும்.
மெஷின் அந்தப் பயிற்சிக்கு வரவில்லை.
அதற்குத் தெரிந்தது ஒரே குற்றம்.

சித்திரையில் அவள் கொல்லையில்
திருச்செங்கோட்டு வண்டி இறங்கியது.
தொள்ளாயிரத்து நாற்பது அடி.
கம்மலும் வளையலும் அடகுக்கடையில் இருக்க
குழாயிலிருந்து வெள்ளைப் புழுதி பறந்து
வேடிக்கை பார்த்த எங்கள் புருவமெல்லாம் நரைத்தது.

"இந்த மிசினை அன்னிக்கே கொண்டாந்து
கொல்லையில வெச்சிருக்கலாம்" என்றார் தேவேந்திரன்.
"நமக்குத் தெரியாத தண்ணி அதுக்குத் தெரியுதே."
வரிசை சிரித்தது. அவளும்தான்.

ஆறு.
எங்கள் ஊரில் இப்போது அது வெறும் எண்.
உத்திரகாவேரிப் பாலத்தில் நின்று குனிந்தால்
மணல்கூட இல்லை,
மணல் எடுத்த பள்ளம்.

மாற்றி எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன்.
அதற்குள் ரசீது அச்சாகி நாக்கு நீட்டியது.
லிட்டருக்கு நாலு ரூபாய் பிடித்தம்.
நான்காக மடித்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த செவ்வாய் பொய்கைச் சந்தை.
ஐம்பத்திரண்டுக்கு வாங்கிய ஜெர்சி
இருபத்தெட்டுக்குப் போனது, கயிறோடு.

இப்போது நான் சங்கத்தைத் திறக்கும் நேரத்துக்கு
ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் வருகிறது.
ஜன்னலிலிருந்து கத்துவாள்:
"சார், மிசின் சௌக்கியமா கீதா?"
கையை ஆட்டுவேன்.
என்ன பதில் சொல்வது என்று
பஸ் போன பிறகும் தெரியாது.

ஆவணி கடைசியில் மழை வந்தது.
கூரை இரைச்சலில்
எண்களைக் கத்திக் கூப்பிட வேண்டியிருந்தது.
வரப்பெல்லாம் புல். பாலில் கனம் ஏறியிருந்தது.
தேவேந்திரன் பால்:
எஸ்.என்.எஃப். எட்டு புள்ளி ஐந்து.
சேர்த்த நீர் பூஜ்யம்.
வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தாறு.
நாற்பத்தெட்டு.