எட்டாவது பொட்டலம்

கிலோ வேர்க்கடலைக்கு முக்கால் கிலோ சர்க்கரை.
பாதியில் பாகு மணலாய்ப் பூத்துவிட்டது.
"போச்சா?" என்றார் அமல்தாஸ்,
ஹார்பர் ஷிப்ட் முடிந்த
கந்தக மஞ்சள் சட்டையோடு.

போகவில்லை.
அடுப்பைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால்
மணல் மறுபடி உருகும்,
கடலைமேல் பளபளவென்று ஏறும்.
தோள்பட்டை கழன்றுவிடும், அவ்வளவுதான்.

ஏழு வீட்டுக்கு ஏழு பொட்டலம்.
தட்டில் ஒரு கை மிச்சம்.

லாரித் தண்ணிக்கு நின்றபோது
என் குடத்தை உதைத்த ஜெசிந்தாவோடு
மே மாதத்திலிருந்து பேச்சில்லை.
நானும் சும்மா இல்லை,
அவள் அம்மாவை இழுத்தேன்.

ராயபுரம் கோயிலுக்கு
நடுச்சாமப் பூசைக்குக் கிளம்பும்போது
அவள் வாசலில் ஸ்டார் லைட் எரிந்தது.
கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.

பேர் எழுதவில்லை.
அடிப்பிடித்த வாசனை லேசாக வரும்.
யார் கை என்று
அவளுக்குத் தெரியும்.