ஏப்பம்

மூன்று கரண்டி குழைந்த சாதம்.
நாலாவது
நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டு
மூலக்கடை சிக்னல் மாதிரி
விடமாட்டேன் என்கிறது.

இரைப்பையின் தலையை மடித்து
உணவுக்குழாய்க்குக் காலர் வைத்துத் தைத்தார்களாம்.
"கொஞ்சம் இறுக்கம்தான், தளர்ந்துவிடும்" என்று
கீழ்ப்பாக்கத்தில் சொல்லி ஐந்து மாதம்.

எரிச்சல் போனது, பொய் சொல்லக்கூடாது.
போகும்போது ஏப்பத்தையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
சம்பந்தி வீட்டு விருந்தில்
பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குப் பின் விட்ட ஒன்றை
வாய்பிளந்து பார்த்தேன்.

ராத்திரி இரண்டரை.
ஊதிய வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்.
சந்திரலீலா தோளில் என்னைச் சாய்த்து
முதுகைத் தட்டுகிறாள்,
பால் குடித்த பிள்ளைக்குத் தட்டுவதுபோல்.
எனக்கு ஐம்பத்தேழு வயது.

பெரம்பூர்ப் பக்கம் ஏதோ சரக்கு ரயில்
பிரேக் காற்றை நீளமாக விட்டது.

"ம்," என்றாள்.
"அதுக்கு வந்துடுச்சு."