மூன்று தரம்

மல்லாவிச் சந்தி. போட்டோக்கொப்பிக் கடை.
காலையில் ஒரு சாமத்திய வீட்டு அல்பம்,
பிள்ளையைச் சுற்றி நட்சத்திரம் மின்ன வேணுமாம்.
பிறகு அறுவடை மெசின்கார நேசராசா.
ஆறு படத்தை அடுக்கிச்
சில்லைச் சுழல வைத்துக் கொடுத்தேன், விளம்பரத்துக்கு.
எல்லாம் இலவசத் தளங்கள்தான்.
மூலையில் தங்கள் பெயரைக் குத்திவிடும்.
அதை வெட்டி எடுக்க எனக்குத் தெரியும்.

மத்தியானம் சுகிர்தமலர் வந்தா.
லமினேற் செய்த பாஸ்போட் படம்,
பந்தலில் பிடித்துப் பிடித்து
முகத்தில் பாதி வெயில் தின்றது.
"அண்ணா சிரிக்கிற மாதிரி வருமோ?"

ஒரு தளத்தில் ஏற்றினேன்.
சிக்னல் ஒரு கோடு. வட்டம் சுற்றிச் சுற்றி
றீலோட் காசு கரைந்தது.
பிறகு ஆனந்தரூபன் தலையைச் சாய்த்தார்,
சிரித்தார்,
முத்து முத்தாய்ப் பல்.

அவ கதிரையைப் பின்னால் தள்ளினா.
"இது ஆரோ.
அண்ணாக்கு முன்பல் பாதிதான்.
துணுக்காய் ரோட்டில சைக்கிளோட விழுந்தவர்.
படத்தில வாய் மூடித்தானே கிடக்கு,
உந்தப் பல்லெல்லாம் எங்கயிருந்து எடுத்தது?"

எனக்குத் தெரியாது.
அழித்தேன். குப்பைக்கூடையிலும் அழித்தேன்.

கைப்பையில் கிடந்த பழைய ரசீதை விரித்தா.
உள்ளே இன்னொரு படம்.
"பழுதாப் போனதெண்டு ஸ்ரூடியோக்காரர் சும்மா தந்தவர்.
கண்ணை மூடிட்டான்."
நாக்கைக் கடித்தா.
"இப்ப எனக்கு அவரைவிடப் பதினாலு வயசு கூட.
அதான் வாயில வருது."

அதே சேட்டு. அதே நீலத் துணி.
பழுதான படம்தான் பழுதில்லாமல் இருந்தது.
அதை ஒருவரும் வெயிலில் தூக்கிப் பிடிக்கவில்லை.

ஸ்கான் செய்து
ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்தேன்,
காதோடு காது, பொத்தானோடு பொத்தான்.
இடது தோள் மட்டும் நூலளவு பொருந்தவில்லை.
நகர்த்திப் பார்த்தேன். பிறகு விட்டேன்.
அது என் பிழையில்லை,
அண்டைக்கு அவர் அசைந்தது.

திறந்த கண் இரண்டு விநாடி.
மூடிய கண் ஒரு விநாடி.
"கூட."
அரை.
"கூடத் தம்பி."
பத்தில் ஒன்று.
ஒன்றும் சொல்லவில்லை.

எத்தனை தரம் ஓட வேணும் என்று கேட்டேன்.
பூச்சியம் போட்டால் முடிவே இல்லை, என்றேன்.
எல்லாரும் பூச்சியம்தான் கேட்பார்கள்,
மெசின் சில்லு இப்பவும் எங்கோ சுழலும்.

"வேண்டாம். களைச்சுப் போவார்.
மூண்டு தரம்.
பிறகு கண் திறந்தபடி நிக்கட்டும்."

இமைத்தார். தோள் அசைந்தது.
இமைத்தார்.
கச்சான்காரனின் மணி வாசலைக் கடந்து போனது.
இமைத்தார்,
எங்களைப் பார்த்தபடி நின்றார்.

சுகிர்தமலர் போனைக் கவிழ்த்து வைத்தா.
நிமிர்த்தினா. திரும்ப முதலிலிருந்து.

இடது மூலையில்
தளத்தின் பெயர் கிடந்தது, தோளுக்கு மேலே.
வெட்டினால் அந்த நூலளவும் போய்விடும்.
வெட்டவில்லை.