ஐந்தாவது சென்சார்

டாக்டர் அஜிலாவின் சிவப்பு வண்டி
வெள்ளிக்கிழமை சுங்கான்கடைக்கு வந்தது.
தரைக்கும் வயிற்றுக்கும் இடையே
ஒரு சாண்கூட இல்லை.
பட்டறை வாசல் ஏற
பலகை போட வேண்டியிருந்தது.

"தூக்கித் தூக்கிப் போடுது சுபின்,
குடுத்த காசுக்கு இதாக்கும் ஓட்டம்?"
சாவியை மேசையில் வைத்துவிட்டு
ஆட்டோவில் போனார்.

பிரைட்சன் லேப்டாப்பைச் செருகினான்.
நாலு சக்கரத்துக்கு நாலு சென்சார்,
நாலும் ஒழுங்காகப் பதில் சொல்லின.
குற்றம் ஏதும் இல்லை என்றது திரை.
திரைக்குப் பல் கிடையாது.
எனக்கு இருந்தது.
இடப்பக்கம், கீழே, கடைவாயில்;
மூன்று நாளாய்க் கன்னத்துக்குள்
நெல்லிக்காய் ஒன்றை ஒளித்துவைத்த மாதிரி.
அதையும் ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டேன்.

முதலில் இளக்கம்.
டேம்பருக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் இரும்புத்தூள்.
மின்சாரம் குறைந்தால் அது கஞ்சித்தண்ணி,
கூடினால் களி.
ஸ்பிரிங் எப்போதும் அதே ஸ்பிரிங்தான்.
மாறுவது அதைப் பிடித்திருக்கும் கை.

வில்லுக்குறி வரை பல் தூங்கியது.
குழாய்க்குத் தோண்டிப் பாதி மூடிய குழிகள்
பக்கத்து வீட்டில் யாரோ கதவு சாத்துவதுபோல்
தூரத்தில் கேட்டன.
வளைவில் மட்டும்
வண்டி வள்ளம்போல் சற்றே சாய்ந்து,
சற்றே யோசித்து,
பிறகுதான் நிமிர்ந்தது.
எதிரே திருவனந்தபுரம் பஸ்.
அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். ஸ்போர்ட்.
தக்கலைக்கு முன்னால் புதுத் தார் போட்ட
ஒன்றரைக் கிலோமீட்டர்:
வண்டி சாயவில்லை, குனியவில்லை,
பிரேக் பிடித்தாலும் மூக்கு இறங்கவில்லை.
நினைத்த இடத்தில் நினைத்தபோது திரும்பியது.
கொள்ளாம் என்று சொல்லிக்கொண்டேன்.

தார் முடிந்தது.

அழகியமண்டபம் வரை
ஒவ்வொரு கல்லும் பல்லில் வந்து பெயர் சொன்னது.
ஒட்டுப்போட்ட இடம், ஒட்டு பெயர்ந்த இடம்,
யாரோ ராத்திரியில் கட்டிய கள்ள வேகத்தடை,
குறுக்கே கிடந்த ஒரு கேபிள்.
இறுக்கினால் பிடிப்பு கூடும் என்பது
நல்ல சாலையின் நியாயம்.
இங்கே இறுக்க இறுக்கச்
சக்கரம் தரையை விட்டுத் துள்ளியது.
துள்ளுகிற அந்த நொடியில்
அது யார் சொல்லையும் கேட்காது,
லேப்டாப் சொல்லையும்.

ஓரம் கட்டிக் கன்னத்தைப் பிடித்தபடி நின்றேன்.
கம்பியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்
வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இவ்வளவு பெரிய காரை வாங்கிட்டு
அழுதிட்டு நிக்கியளாக்கும்?"

சாயங்காலம் பார்வதிபுரம்,
பாலத்துக்குக் கீழே அவர் கிளினிக்.
"வண்டியில ஒண்ணுமில்ல டாக்டர்.
வாங்கின நாள்ல இருந்து
ஸ்போர்ட்லயே ஓட்டியிருக்கிய."
"பின்ன ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு?"
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
அவர் விளக்கைத் திருப்பினார்.
"இது எத்தனை நாளா?"

ஊசி.
பத்து நிமிடத்தில் தாடை வேறு யாருடையதோ ஆனது.
ட்ரில் இறங்குவது கேட்டது,
அதிர்வு காதுவரை ஏறியது.
குழி அங்கேயேதான் இருந்தது;
எனக்குத்தான் தகவல் வரவில்லை.
இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.
வாய் நிறையப் பஞ்சு.

அவர் ஃபீஸ் வாங்கவில்லை. நானும்தான்.

திரும்புகையில் என் பழைய ஸ்கூட்டர்,
ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகி இரண்டு வருடம்.
முதுகு, முழங்கை, இடுப்பு என்று
எல்லாக் குழியும் வந்து ஆஜர் கொடுத்தன.
வழியில் டீ வாங்கினேன்.
பாதி சட்டையில் வழிந்ததைக்
கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

பட்டறையில் விளக்கு எரிந்தது.
நிறுத்திவைத்த சிவப்பு வண்டிக்குள் பிரைட்சன்,
பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு,
ஒரு வித்தியாசமும் இல்லையே அண்ணா என்றான்.