ஏழாம் கூடம், இரவுப்பணி

இருபத்தொரு டிகிரியில் வைத்திருக்கிறார்கள்
இளவரசி லியோனோரை.
வெளியே அபுதாபி, நடுநிசியிலும் முப்பத்தெட்டு.

பதினாலு வயதில், பிரெஞ்சு எல்லையில்,
ஒரு கூடாரத்துக்குள்
போர்த்துகல் துணி ஒன்றுவிடாமல் உருவிவிட்டுப்
புதுப்பட்டு உடுத்தினார்களாம்.
நாய்க்குட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
பலகையில் போட்டிருக்கிறது.
நாயின் பேர் போடவில்லை.

பெற்றது ஏழு, தங்கியது மூணு.
மாமியார் சாகும்வரை அவளை
'அந்த வெளியூர்க்காரி' என்றாளாம்.

என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில்.
அதிலும் போர்த்துகீசியப் பேர்தான்:
எஸ்கலின் ரொட்ரிகோ, மணப்பாடு.

மணி மூன்று.
ஈரப்பதம் ஐம்பத்திரண்டு என்று எழுதிவிட்டு
அவள் பாவாடை விளிம்புப் பக்கம் குனிந்து
ச்சு ச்சு என்றேன்,
மெல்ல.

காமிரா மட்டும் திரும்பிப் பார்த்தது.