இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு

பட்டமளிப்பு அங்கிக்கு வாடகை ஆயிரத்து எண்ணூறு.
அறைத்தோழி கஜனிதான் கொடுத்தாள்.
அவள் கணக்கியல்; கடைசிப் பரீட்சைக்கு முன்பே வேலை.
நான் இன்னும் திருப்பவில்லை, அவளும் கேட்கவில்லை.
கணக்காளர்கள் மறப்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

புறக்கோட்டைப் புடவைக் கடையில் முதல் நேர்முகம்.
"மெய்யியலா? ஒடம்பப் பத்தின படிப்பா?"
இல்லை, உண்மையைப் பற்றியது என்றேன்.
"அளவையியலும் படிச்சிருக்கீங்க. நல்லது,
பிளவுஸ் பகுதியில ஆள் இல்ல."
முதலாளி சிரிக்கவில்லை. அது பகிடியும் இல்லை.

பிறகு காலி வீதியில் ஒரு காப்புறுதிக் கம்பெனி,
ஆறாம் மாடி, கோரிக்கைப் பிரிவு.
ஆங்கிலத்தில் கடிதம் எழுத வந்தால் போதுமாம்.
மாதம் முப்பத்தெட்டாயிரம்;
வெள்ளவத்தை அறைக்கு அதில் பாதி,
மிச்சத்தில் பஸ், பாண், ஃபோனுக்குக் காசு.

மூன்றாம் மாதம் அந்தக் கோப்பு வந்தது.
முகத்துவாரம். மீன்பிடி வள்ளம். வயது ஐம்பத்தொன்று.
விபத்து என்றால் ஒன்பது இலட்சம்.
நோய் என்றால் கட்டிய பணம் மட்டும்.
பிரேதப் பரிசோதனையோ இரண்டு பக்கமும் பேசியது:
நுரையீரலில் நீர், இதயத்தில் அடைப்பு.
மனேஜர் டயஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
விழுந்ததால் இறந்தாரா,
இறந்துகொண்டிருந்ததால் விழுந்தாரா?

நான்கு வருடத்தில் யாரும் என்னிடம்
இத்தனை நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை.
கை பரபரத்தது.
காரணம் வேறு, நிபந்தனை வேறு.
முந்தி வந்ததெல்லாம் காரணம் ஆகாது.
கடல் இங்கே ஓர் இடம்; நிகழ்வு அல்ல.
ஒன்றரைப் பக்கம். ஓர் ஓட்டை இல்லை.
பல்கலைக்கழகத்தில் என்றால் எழுபத்தைந்து புள்ளி விழும்.
இங்கே ஐயாயிரம் சம்பள உயர்வு.
அன்றிரவு கஜனிக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்து
"பார்த்தியா, மெய்யியலும் சோறு போடும்" என்றேன்.
கோழிக்கொத்து. முட்டையும் போட்டது.

ஒரு மழை நாள் அந்த அம்மா வந்தார்.
நாலாய் மடித்த என் கடிதம் பையில்,
குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
கவுண்டரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
"இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க மிஸ்."

சொன்னேன்.
எழுதியது நான் என்று மட்டும் சொல்லவில்லை.
ஆங்கிலத்தில் டை கட்டி நிமிர்ந்து நின்ற வாக்கியம்
தமிழுக்கு வந்ததும்
உட்கார இடம் தேடியது.
கடல்... வந்து... ஒரு இடம் மட்டும்தானாம் அம்மா.

அவர் கடைசிவரை கேட்டார்.
பிறகு குரல் உயர்த்தாமல்,
"எப்பிடி விழுந்தாருன்னு எனக்கே தெரியாது மிஸ்.
தனியாத்தான் போனாரு.
இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முதலாம் வருடம், முதல் விரிவுரை, முதல் கேள்வி.
அதற்கு விடை எழுதித்தான் நான் வகுப்புப் பெற்றது.

பின்னேரம் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன்:
இதை அறிய எமக்கு வழியில்லை.
அறியாததை நிரூபிக்கும் பொறுப்பு
மறுக்கிறவரிடமே இருக்கிறது.
டயஸ் இரண்டு தரம் வாசித்தார்.
"அன்றைக்கு நீ எழுதியது இதைவிட நல்லாயிருந்தது" என்றார்,
தேநீர்க் கோப்பையை அதன் மேல் வைத்தார்.
மேலே போனதா, தெரியாது.
கோப்பை போன வாரம் வரை அங்கேதான் இருந்தது.

நேற்றுச் சம்பளம். உயர்வோடுதான் வந்தது.
கஜனியிடம் இரண்டாயிரம் நீட்டினேன்.
அவள் இருநூறு மிச்சம் தேடி
மூன்று கைப்பைகளையும் கட்டிலில் கொட்டினாள்.
வேண்டாம், விடு என்றேன்.
"அப்ப கணக்கு சரிவராதே" என்றாள்,
சில்லறைகளைப் பொறுக்கியபடி.